நகராமல் ஒட்டிக்கொண்டிருக்கும் நெட்வொர்க் ஃபோல்டர் ஷார்ட்கட்டுகளை நீக்குவது எப்படி?

நீலவானம்

பழைய என்ஏஎஸ் பெட்டியை (நெட்வொர்க் வழியாக ஃபைல்களைச் சேமித்துப் பகிரும் கருவி) நிறுத்தியாகிவிட்டது. ஃபைல்கள் எல்லாம் புதிய சர்வருக்குப் போய்விட்டன. ஆனால் ஒரு விண்டோஸ் 11 கணினியில் பழைய இணைப்புகள் மட்டும் ஃபைல் எக்ஸ்ப்ளோரரை விட்டுப் போக மறுக்கின்றன.

திஸ் பிசியில், நெட்வொர்க் லொகேஷன்ஸ் தலைப்பின் கீழ், டிரைவ் எழுத்து இல்லாத மூன்று ஃபோல்டர்கள் நிற்கின்றன. இரண்டு அந்தப் பழைய பெட்டிக்குப் போகின்றன. மூன்றாவது புதிய சர்வருக்குப் போகிறது. அங்கே பலர் வேலை செய்கிறார்கள், இந்தக் கணினிக்கு மட்டும் அது வேண்டாம். இவை போக ஒய், இசட் என்று இரண்டு டிரைவ்கள், இரண்டிலும் சிவப்புப் பெருக்கல் குறி. இடப்பக்கப் பட்டையில் குயிக் ஆக்செஸில் பின் செய்த ஒரு ஃபோல்டரும் பழைய பெட்டியைத்தான் தேடுகிறது.

ரைட் கிளிக் செய்தால் மெனு வரவே அரை நிமிடம் ஆகிறது. டெலிட் கொடுத்தால் முகவரிப் பட்டையில் பச்சைக் கோடு ஊர்ந்து, ஜன்னல் வெளுத்து, நாட் ரெஸ்பாண்டிங் என்று நின்றுவிடுகிறது. இசட் டிரைவுக்கு டிஸ்கனெக்ட் கொடுத்தால் 'இந்த நெட்வொர்க் இணைப்பு இல்லை' என்கிறது, ஐகான் அப்படியே இருக்கிறது.

எக்ஸ்ப்ளோரரைத் தொடாமல் இவற்றை எங்கிருந்து நீக்குவது? மூன்றாவது ஃபோல்டரை நீக்கும்போது புதிய சர்வரில் இருக்கும் ஃபைல்கள் அழியாது என்று எப்படி உறுதி செய்வது? லினக்ஸ் போட்ட இன்னொரு கணினியிலும் இதே தொல்லை இருக்கிறது. அதற்கும் வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கருவேலன்

பார்வைக்கு ஒரே மாதிரி இருந்தாலும் உங்கள் திரையில் இருப்பவை மூன்று வெவ்வேறு சாமான்கள். மூன்றும் வெவ்வேறு இடத்தில் சேமிக்கப்படுகின்றன. எது எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் நீக்குவது ஒரு நிமிட வேலைதான். நான் எழுத்து இல்லாத ஃபோல்டர்களை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறேன், அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

ஆட் எ நெட்வொர்க் லொகேஷன் என்ற விசார்ட் வழியாகச் சேர்த்தவை எல்லாம் உங்கள் ப்ரொஃபைலுக்குள் இந்த இடத்தில் இருக்கும்:

%ஆப்டேட்டா%\மைக்ரோசாஃப்ட்\விண்டோஸ்\நெட்வொர்க் ஷார்ட்கட்ஸ்

இதை எக்ஸ்ப்ளோரரில் திறக்காதீர்கள். அங்கேயும் அதே ஐகான்கள், அதே தொங்கல்தான். விண்டோஸ் கீயும் ஆர் எழுத்தும் அழுத்தி, சிஎம்டி என்று கொடுத்து, கறுப்புத் திரையில் அந்த இடத்துக்குப் போங்கள்:

சிடி /டி "%ஆப்டேட்டா%\மைக்ரோசாஃப்ட்\விண்டோஸ்\நெட்வொர்க் ஷார்ட்கட்ஸ்"
டிஐஆர் /ஏ

மூன்று பெயர்களும் வரிசையாக வரும். ஒவ்வொன்றும் உங்கள் டிஸ்கில் இருக்கும் சாதாரண ஃபோல்டர்தான். உள்ளே இரண்டே ஃபைல்கள்: டெஸ்க்டாப்.ஐஎன்ஐ ஒன்று, டார்கெட்.எல்என்கே ஒன்று. டெஸ்க்டாப்.ஐஎன்ஐக்குள் சிஎல்எஸ்ஐடி2 என்று ஒரு நீண்ட எண்ணும், ஃபிளாக்ஸ்=2 என்று ஒரு வரியும் இருக்கும். இதை ஃபோல்டராகக் காட்டாதே, பக்கத்தில் இருக்கும் எல்என்கே எங்கே போகிறதோ அந்த இடமாகக் காட்டு என்று எக்ஸ்ப்ளோரருக்குச் சொல்வது அந்த இரண்டு வரிகள்தான். தொங்கல் இங்கேதான் பிறக்கிறது. ரைட் கிளிக் செய்த உடனே எக்ஸ்ப்ளோரர் இலக்கைத் தேடிப் போகிறது. சர்வர் இல்லை, பதில் சொல்ல யாரும் இல்லை, காத்திருப்பு நேரம் முடியும்வரை ஜன்னல் நகராது. டெலிட் கொடுத்தாலும் முதலில் இலக்கைத்தான் விசாரிக்கிறது.

கறுப்புத் திரைக்கு டெஸ்க்டாப்.ஐஎன்ஐ பற்றி எந்தக் கவலையும் இல்லை. அதற்கு அது ஃபோல்டர், அவ்வளவுதான். அதனால்:

அட்ரிப் -ஆர் -எஸ் "பழைய கணக்கு"
ஆர்டி /எஸ் /க்யூ "பழைய கணக்கு"

மேற்கோளுக்குள் டிஐஆர் காட்டிய பெயரை எழுத்து மாறாமல் போடுங்கள். இடைவெளி உள்ள பெயருக்கு மேற்கோள் கட்டாயம். முதல் வரி ஏன் என்றால், ஃபோல்டருக்கு ரீட் ஒன்லி அல்லது சிஸ்டம் குறி இருந்தால்தான் எக்ஸ்ப்ளோரர் டெஸ்க்டாப்.ஐஎன்ஐயைப் படிக்கும். அந்தக் குறிகளை எடுத்துவிட்டு எஃப்5 அழுத்தினால் ஐகான் மாறி வெறும் மஞ்சள் ஃபோல்டர் ஆகிவிடும். கறுப்புத் திரையில் நீக்கப் பயமாக இருந்தால் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டு, மஞ்சளாகிவிட்டதைக் கண்ணால் பார்த்து, எக்ஸ்ப்ளோரரிலேயே டெலிட் கொடுங்கள். தொங்காது. குறியை எடுக்காமல் நேராக ஆர்டி கொடுத்தால் சில நேரம் ஆக்செஸ் டினைட் என்று வரும். அதற்காக அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்கத் தேவையில்லை, குறியை எடுத்தாலே போதும்.

உங்கள் இரண்டாவது கேள்விதான் இதில் முக்கியமானது. ஆர்டி நீக்குவது உங்கள் டிஸ்கில் இருக்கும் அந்த இரண்டு குட்டி ஃபைல்களையும் அவற்றின் ஃபோல்டரையும் மட்டுமே. எல்என்கே என்பது வெறும் ஃபைல், ஆர்டி அதன் வழியாகச் சர்வருக்குப் போகாது. புதிய சர்வரில் ஒரு எழுத்துகூட மாறாது. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது: எக்ஸ்ப்ளோரரில் அந்த ஃபோல்டருக்குள் நுழைந்து, எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து டெலிட் கொடுப்பது. அப்போது அழிவது சர்வரில் இருக்கும் உண்மையான ஃபைல்கள். நெட்வொர்க்கில் அழித்தது உங்கள் ரீசைக்கிள் பின்னுக்கும் வராது. ஆகவே ஒரே விதி: ஷார்ட்கட்டை வெளியிலிருந்து நீக்குங்கள், திறந்து உள்ளே போய் எதையும் நீக்காதீர்கள்.

எது எந்தச் சர்வருக்குப் போகிறது என்று சந்தேகம் இருந்தால், அந்த ஃபோல்டருக்குள் போய் டைப் டார்கெட்.எல்என்கே என்று கொடுங்கள். புரியாத குறிகள் நிறைய வரும். அவற்றுக்கு நடுவே இரட்டைச் சாய்கோட்டுடன் சர்வர் பெயரும் ஷேர் (சர்வர் பகிரும் ஃபோல்டர்) பெயரும் பெரும்பாலும் தெளிவாகத் தெரியும். பார்த்து முடித்ததும் சிடி .. கொடுத்து வெளியே வந்த பிறகு நீக்குங்கள். நீங்கள் உள்ளே நின்றுகொண்டிருந்தால் அந்த ஃபோல்டர் போகாது.

---

முல்லை_84

எழுத்து உள்ள டிரைவ்களுக்கு நான் சொல்கிறேன். கருவேலன் சொன்ன ஃபோல்டரில் இவை இருக்காது, அங்கே தேட வேண்டாம்.

கறுப்புத் திரையைச் சாதாரணமாகத் திறங்கள். ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர் வேண்டாம். பலரும் வழுக்கி விழும் இடம் இது. ஒரே ஆள் லாகின் செய்திருந்தாலும் விண்டோஸ் சாதாரண உரிமைக்கு ஒரு செஷனும் அட்மின் உரிமைக்கு ஒரு செஷனும் தனித்தனியாக வைத்திருக்கிறது. டிரைவ் இணைப்பு அந்தந்த செஷனுக்கு மட்டும் சொந்தம். எக்ஸ்ப்ளோரர் ஓடுவது சாதாரண செஷனில். அட்மின் திரையில் நெட் யூஸ் கொடுத்தால் பட்டியல் காலியாகவோ வேறாகவோ வரும், இசட்டை நீக்கச் சொன்னால் 2250 என்ற பிழை எண்ணோடு இணைப்பு இல்லை என்று சொல்லும். அது அந்த செஷனைப் பொறுத்தவரை உண்மைதான்.

சாதாரணத் திரையில்:

நெட் யூஸ்

பட்டியலில் ஒவ்வொரு டிரைவுக்கும் நிலை காட்டும். அன்அவெய்லபிள் என்று இருந்தால் இணைப்பு உயிரோடு இல்லை, ஆனால் நினைவில் வைத்திருக்கிறது என்று பொருள். உங்கள் சிவப்புப் பெருக்கல் குறி அதுதான். நீக்க:

நெட் யூஸ் ஒய்: /டெலிட்
நெட் யூஸ் இசட்: /டெலிட்

திறந்த ஃபைல்கள் இருக்கின்றன, பரவாயில்லையா என்று கேட்டால், அந்த டிரைவிலிருந்து திறந்த எக்செல், பிடிஎஃப் எல்லாவற்றையும் மூடிவிட்டு மறுபடி கொடுங்கள். அதே வரியின் முடிவில் /ஒய் சேர்த்துக் கட்டாயப்படுத்தலாம். செத்த சர்வர் என்றால் இழக்க ஒன்றும் இல்லை. உயிருள்ள சர்வர் என்றால் சேமிக்காதது போய்விடும்.

இணையத்தில் பல இடங்களில் டிரைவ் எழுத்துக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டு மொத்தமாக நீக்கச் சொல்வார்கள். உங்களுக்கு அது வேண்டாம். புதிய சர்வரின் இணைப்புகளும் சேர்ந்து அறுந்துவிடும்.

பவர்ஷெல் பழக்கம் இருந்தால் கெட்-எஸ்எம்பிமேப்பிங் கொடுத்துப் பார்த்துவிட்டு, ரிமூவ்-எஸ்எம்பிமேப்பிங் கொடுக்கலாம். ஆனால் -அப்டேட்ப்ரொஃபைல் என்பதைச் சேர்க்க மறக்காதீர்கள். அதை விட்டால் இப்போதைக்கு இணைப்பு போகும், நினைவு அப்படியே இருக்கும், அடுத்த லாகினில் மறுபடி வந்து நிற்கும்.

நெட் யூஸ் பட்டியலிலேயே அந்த எழுத்து இல்லை, ஆனால் எக்ஸ்ப்ளோரர் காட்டுகிறது என்றால் மூன்று காரணம் இருக்கலாம்.

முதலாவது, எக்ஸ்ப்ளோரர் பழைய படத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைத் தேர்ந்தெடுத்து ரீஸ்டார்ட் கொடுங்கள். கணினியை அணைத்து எழுப்பத் தேவையில்லை. 'இணைப்பு இல்லை' என்ற செய்தியோடு ஐகான் மட்டும் நிற்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

இரண்டாவது, விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் மிச்சம் இருக்கிறது. ரெஜ்எடிட் திறந்து ஹெச்கீ கரண்ட் யூசர் கீழே நேராக இருக்கும் நெட்வொர்க் என்ற கீயைப் பாருங்கள். நினைவில் வைத்த ஒவ்வொரு டிரைவுக்கும் அதன் எழுத்தின் பெயரில் ஒரு துணைக் கீ இருக்கும். இசட்டைத் தொட்டால் வலப்பக்கம் ரிமோட்பாத் என்ற வரியில் \\பழையசர்வர்\கணக்கு போன்ற முகவரி தெரியும். முகவரியைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, ரைட் கிளிக்கில் எக்ஸ்போர்ட் கொடுத்து ஒரு நகல் எடுத்து வைத்துவிட்டு, அந்த ஓர் எழுத்தின் துணைக் கீயை மட்டும் நீக்குங்கள். நெட்வொர்க் என்ற தாய்க் கீயை அல்ல. லாக் ஆஃப் செய்து திரும்ப வந்தால் பலன் தெரியும். புதிய சர்வரை அதே எழுத்தில் இணைக்கும்போது 'இந்த எழுத்து ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்று 85 என்ற எண்ணோடு பிழை வந்தால் அதற்கும் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

மூன்றாவது, அது நெட்வொர்க் டிரைவே இல்லாமல் இருக்கலாம். சப்ஸ்ட் என்று மட்டும் அடித்துப் பாருங்கள். ஏதாவது எழுத்து வந்தால் அது சப்ஸ்ட் வழியாக உண்டாக்கியது, நெட் யூஸுக்கு அதைத் தெரியாது. சப்ஸ்ட் இசட்: /டி கொடுத்தால் போய்விடும்.

---

அகல்

முல்லை சொன்னதோடு ஒன்று சேர்க்க வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் எக்ஸ்ப்ளோரர் கீயின் கீழ் மவுன்ட்பாயின்ட்ஸ்2 என்று ஒன்று இருக்கிறது. ஹெச்கீ கரண்ட் யூசர்\சாஃப்ட்வேர்\மைக்ரோசாஃப்ட்\விண்டோஸ்\கரண்ட்வெர்ஷன்\எக்ஸ்ப்ளோரர் வரை போனால் அதற்குள் இருக்கும். பழைய ஷேர்கள் எல்லாம் ##சர்வர்#ஷேர் என்ற வடிவத்தில் அங்கே குவிந்து கிடக்கும். அந்தக் கீயை முழுதாக அழித்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

---

முல்லை_84

அகல், முழுதாக அழிக்கச் சொல்வதை நான் ஏற்கவில்லை. அதே கீயின் கீழ்தான் யுஎஸ்பி டிரைவ்கள், உள் டிஸ்குகள் பற்றிய எக்ஸ்ப்ளோரரின் குறிப்புகளும் இருக்கின்றன. ## என்ற தொடக்கத்தோடு பழைய சர்வரின் பெயர் உள்ளவற்றை மட்டும் நீக்கினால் போதும். அதுவும் ஐகானை ஒழிப்பதற்காக அல்ல, ஐகானுக்கு உயிர் கொடுப்பது பெரும்பாலும் அது இல்லை. அங்கே சேமித்திருப்பது நீங்கள் அந்த ஷேருக்கு வைத்த பெயர் போன்றவை. அதே முகவரியை நாளை வேறு எழுத்தில் இணைத்தால் பழைய பெயர் தலைகாட்டுவது இதனால்தான். அந்தத் தொல்லை இருந்தால் தொடுங்கள், இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

---

அகல்

சரி, அந்தத் திருத்தம் நியாயம். ## உள்ளவை மட்டும்.

இன்னும் ஒரு வகை ஐகான் இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. நெட்வொர்க் லொகேஷன்ஸ் கீழ் டிவி பெட்டி, ரூட்டர், என்ஏஎஸ் பெயரில் இசைக் குறியோடோ படக் குறியோடோ தெரிபவை ஷார்ட்கட்டே அல்ல. அந்தக் கருவி மீடியா சர்வராகத் தன்னைத்தானே நெட்வொர்க்கில் அறிவித்துக்கொள்கிறது, விண்டோஸ் அதைக் கேட்டுக் காட்டுகிறது. நெட்வொர்க் ஷார்ட்கட்ஸ் ஃபோல்டரிலும் இருக்காது, நெட் யூஸிலும் வராது, ரெஜிஸ்ட்ரியில் எழுத்தும் கிடையாது. ப்ராப்பர்ட்டீஸ் திறந்தால் தயாரிப்பாளர் பெயரும் மாடல் எண்ணும் காட்டும். அதுதான் அடையாளம்.

இதை ஒழிக்கச் சரியான இடம் அந்தக் கருவிதான். அதன் செட்டிங்ஸ் பக்கத்தில் டிஎல்என்ஏ அல்லது மீடியா சர்வர் என்று இருப்பதை அணைத்துவிட்டால் எல்லாக் கணினியிலும் ஒரே நேரத்தில் மறையும். கருவியைத் தொட முடியாது என்றால் சர்வீசஸ் பட்டியலில் எஸ்எஸ்டிபி டிஸ்கவரி என்பதை நிறுத்தி டிசேபிள்ட் ஆக்கலாம். ஆனால் அதன் பிறகு அந்தக் கணினியால் டிவி போன்ற கருவிகளைத் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. அந்த விலை சம்மதம் என்றால் மட்டும் செய்யுங்கள்.

---

நீலவானம்

மிக்க நன்றி. எழுத்து இல்லாத மூன்றும் போய்விட்டன. அட்ரிப் கொடுத்ததும் மஞ்சள் ஃபோல்டராக மாறியதையும் பார்த்தேன். புதிய சர்வரில் எல்லாம் அப்படியே இருக்கிறது. ஒய் டிரைவும் போய்விட்டது.

இசட் மட்டும் நெட் யூஸில் நீக்கினால் போகிறது, அடுத்த முறை லாகின் செய்யும்போது மறுபடி வந்துவிடுகிறது. ரெஜிஸ்ட்ரியில் இசட் கீயை நீக்கினாலும் அதுவும் திரும்ப முளைக்கிறது. குயிக் ஆக்செஸில் அன்பின் கொடுத்தால் தொங்கல் தொடர்கிறது.

---

தறியோசை

நீக்கிய டிரைவ் லாகினில் திரும்ப வந்தால், அதைக் கொண்டுவரும் யாரோ இருக்கிறார்கள். இனி டிரைவை நீக்கி நீக்கிப் பயனில்லை, கொண்டுவருபவரைத் தேட வேண்டும். அலுவலகக் கணினி என்பதால் தேடும் வரிசையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் குரூப் பாலிசி, அதாவது நிர்வாகி அலுவலகக் கணினிகளுக்கு மொத்தமாக அனுப்பும் அமைப்புகள். சாதாரணக் கறுப்புத் திரையில்:

ஜிபிரிசல்ட் /ஹெச் "%யூசர்ப்ரொஃபைல்%\அறிக்கை.ஹெச்டிஎம்எல்"

கிடைத்த ஃபைலை உலாவியில் திறந்து, யூசர் டீடெயில்ஸ் பகுதியில் ப்ரிஃபரன்சஸ், டிரைவ் மேப்ஸ் என்று தேடுங்கள். இசட் அங்கே இருந்தால் எந்தப் பாலிசி அதைத் தருகிறது என்ற பெயரும் சேர்ந்தே இருக்கும். ஜிபிரிசல்ட் /ஆர் கொடுத்தால் திரையில் வரும் சுருக்கப் பட்டியலில் டிரைவ் மேப்ஸ் விவரம் வராது, அதனால் /ஹெச் தான் வேண்டும். அட்மின் கணக்கின் கடவுச்சொல் கொடுத்துத் திறந்த திரையில் ஓட்டினால் அந்தக் கணக்கின் அறிக்கை வரும், உங்களுடையது அல்ல.

அங்கே இல்லை என்றால் லாகின் ஸ்கிரிப்ட், அதாவது லாகின் ஆனதும் தானாக ஓடும் கட்டளைகள். அதே அறிக்கையில் ஸ்கிரிப்ட்ஸ் பகுதியைப் பாருங்கள். பிறகு விண்டோஸ் கீ, ஆர் அழுத்தி ஷெல்:ஸ்டார்ட்அப் கொடுத்தால் திறக்கும் ஃபோல்டரில் ஏதாவது பிஏடி ஃபைல் இருக்கிறதா என்று பாருங்கள். ஷெல்:காமன் ஸ்டார்ட்அப் கொடுத்து எல்லாருக்கும் பொதுவான ஃபோல்டரையும் பாருங்கள். டாஸ்க் ஷெட்யூலரில் லாகின் நேரத்தில் ஓடும் வேலைகளையும் விட வேண்டாம். நெட் யூஸ் இசட் என்று ஒரே ஒரு வரி எங்காவது கிடக்கும்.

மூன்றாவதாக ரோமிங் ப்ரொஃபைல். உங்கள் ப்ரொஃபைலின் நகல் சர்வரில் இருந்தால், கரண்ட் யூசர் ரெஜிஸ்ட்ரியும் ஆப்டேட்டாவின் ரோமிங் பகுதியும் அதோடு சேர்ந்து பயணிக்கும். நீங்கள் இந்தக் கணினியில் நீக்கியிருப்பீர்கள். அதே நேரம் இன்னொரு கணினியில் நீங்கள் லாகின் ஆகியிருந்து, பிறகு அங்கே லாக் ஆஃப் செய்தால், அந்தப் பழைய நகல் சர்வருக்கு ஏறிவிடும். எல்லாக் கணினியிலும் லாக் ஆஃப் செய்துவிட்டு ஒன்றில் மட்டும் லாகின் ஆகி நீக்கி, அங்கிருந்தே முறையாக லாக் ஆஃப் செய்தால்தான் நிலைக்கும். கருவேலன் சொன்ன நெட்வொர்க் ஷார்ட்கட்ஸ் ஃபோல்டரும் ரோமிங்கில்தான் இருக்கிறது, அதற்கும் இது பொருந்தும்.

கிரெடென்ஷியல் மேனேஜரைச் சிலர் சந்தேகிப்பார்கள். அதில் இருப்பது கடவுச்சொல் மட்டும், டிரைவைத் திரும்பக் கொண்டுவராது. ஆனால் செத்த சர்வரின் கடவுச்சொல்லை வைத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. சிஎம்டிகீ /லிஸ்ட் கொடுத்துப் பெயரைப் பார்த்து, சிஎம்டிகீ /டெலிட்:பெயர் கொடுத்து எடுத்துவிடுங்கள்.

குயிக் ஆக்செஸுக்கு முதலில் எளிய வழி: நெட்வொர்க் கேபிளைப் பிடுங்கி, வைஃபையையும் அணைத்துவிட்டு அன்பின் கொடுங்கள். நெட்வொர்க் இருக்கும்போது பதில் வரும் வரும் என்று காத்திருக்கிறது. நெட்வொர்க்கே இல்லை என்றால் பெரும்பாலும் உடனே தோல்வியை ஒப்புக்கொண்டு மெனுவைக் காட்டிவிடும்.

அதுவும் நடக்கவில்லை என்றால், பின் செய்தவை இருக்கும் ஃபைலையே ஒதுக்கிவைக்க வேண்டும். அது %ஆப்டேட்டா%\மைக்ரோசாஃப்ட்\விண்டோஸ்\ரீசென்ட்\ஆட்டோமேட்டிக்டெஸ்டினேஷன்ஸ் ஃபோல்டரில் இருக்கிறது. பெயர் எஃப்01பி4டி95சிஎஃப்55டி32ஏ என்று தொடங்கும். அழிக்காதீர்கள், ஆர்இஎன் கட்டளையால் முன்னால் ஏதாவது சேர்த்துப் பெயரை மாற்றிவையுங்கள், பிறகு எக்ஸ்ப்ளோரரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். குயிக் ஆக்செஸ் புதிதாகப் பிறந்து, டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ் போன்ற வழக்கமானவை மட்டும் இருக்கும். நீங்கள் பின் செய்த மற்றவையும் சேர்ந்து போய்விடும் என்பதால் பட்டியலை முன்பே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

---

கருவேலன்

இன்னொரு எச்சரிக்கை, இந்தக் கட்டளைகளைப் பார்த்து வேறு யாராவது வேறு இடத்தில் பயன்படுத்திவிடக் கூடாது என்பதற்காக. சில கணினிகளில் நெட்வொர்க் ஃபோல்டருக்கு எம்கேலிங்க் கட்டளை வழியாக சிம்பாலிக் லிங்க் (வேறோர் இடத்தைச் சுட்டும் இணைப்பு) போட்டிருப்பார்கள். எக்ஸ்ப்ளோரரில் அதுவும் ஷார்ட்கட் அம்பு போட்ட ஃபோல்டராகத்தான் தெரியும். டிஐஆர் /ஏஎல் கொடுத்தால் பெயருக்கு முன்னால் சிம்லிங்க்டி என்று காட்டும்.

அதற்கு ஆர்டி மட்டும் கொடுங்கள், /எஸ் சேர்க்க வேண்டாம். லிங்க் மட்டும் போகும், இலக்குக்கு ஒன்றும் ஆகாது. டெல் கட்டளையை அதன்மேல் ஏவிவிடாதீர்கள். டெல் அந்த லிங்கை ஃபோல்டர் என்று எடுத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் ஃபைல்களை எல்லாம் நீக்கட்டுமா என்று கேட்கும். அங்கே ஒய் அடித்தால் சர்வரில் இருப்பவை அழியும், லிங்க் அப்படியே இருக்கும்.

---

வேலிப்பருத்தி

லினக்ஸ் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அங்கே வேலை சுலபம், ஏனென்றால் பெரும்பாலானவை படிக்கக்கூடிய உரை ஃபைல்கள்.

நாட்டிலஸ், நீமோ, துனார், காஜா ஆகியவற்றின் இடப்பக்கப் பட்டையில் நீங்கள் சேர்த்தவை எல்லாம் உங்கள் ஹோம் ஃபோல்டரில் .கான்ஃபிக் என்பதற்குள் ஜிடிகே-3.0 என்ற ஃபோல்டரில் புக்மார்க்ஸ் என்ற ஃபைலில் இருக்கின்றன. ஒரு வரிக்கு ஓர் இடம். எஸ்எம்பி:// என்று தொடங்கும் வரிகளில் பழைய சர்வரின் பெயர் உள்ளதை மட்டும் நீக்கிச் சேமியுங்கள். முகவரியில் இடைவெளி இருந்தால் %20 என்று தெரியும், குழம்ப வேண்டாம். கேடிஇயின் டால்ஃபின் என்றால் .லோக்கல்/ஷேர் கீழே யூசர்-ப்ளேசஸ்.எக்ஸ்பெல் என்ற ஃபைல். அது எக்ஸ்எம்எல், வரியாக வெட்டாமல் புக்மார்க் என்ற தொடக்கக் குறியிலிருந்து அதன் முடிவுக் குறிவரை ஒன்றாக எடுக்க வேண்டும்.

புக்மார்க்கில் இல்லாமலும் தெரிகிறது என்றால் அது மவுன்ட், அதாவது சர்வரின் ஃபோல்டரை உங்கள் கணினியின் ஒரு ஃபோல்டரில் மாட்டிவைத்திருப்பது. /இடிசி/எஃப்எஸ்டேப் ஃபைலில் சிஐஎஃப்எஸ் அல்லது என்எஃப்எஸ் என்ற சொல் உள்ள வரியைப் பாருங்கள். நீக்குவதற்குப் பதில் முதலில் முன்னால் # போட்டுவையுங்கள், பிறகு சூடோ சிஸ்டம்சிடிஎல் டீமன்-ரீலோட் கொடுங்கள். சர்வர் செத்துப்போய் மவுன்ட் மட்டும் தொங்கினால் சாதாரண யுமவுன்ட் பதிலே சொல்லாமல் நிற்கும். சூடோ யுமவுன்ட் -எல் என்று மவுன்ட் இடத்தின் பாதையோடு கொடுத்தால் கோப்பு மரத்திலிருந்து உடனே கழன்றுவிடும். மவுன்ட் வேண்டும், பட்டையில் மட்டும் தெரியக் கூடாது என்றால் அந்த வரியின் ஆப்ஷன்களில் எக்ஸ்-ஜிவிஎஃப்எஸ்-ஹைட் சேர்த்தால் போதும்.

இங்கேயும் ஒரு கவனம்: காலியாகத் தெரியும் மவுன்ட் ஃபோல்டரை ஆர்எம் -ஆர்எஃப் கொடுத்து அழிக்காதீர்கள். மவுன்ட் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்து சர்வரும் உயிரோடு இருந்தால் அது சர்வரில் போய் அழிக்கும். ஆர்எம்டிஐஆர் கொடுங்கள். உள்ளே ஏதாவது இருந்தாலோ மவுன்ட் கழலாமல் இருந்தாலோ அது மறுத்துவிடும்.

---

நீலவானம்

லினக்ஸில் புக்மார்க்ஸ் ஃபைலில் இரண்டு வரிகள், முடிந்தது. குயிக் ஆக்செஸ் கேபிளைப் பிடுங்கியதும் அன்பின் ஆகிவிட்டது.

ஜிபிரிசல்ட் அறிக்கையில் டிரைவ் மேப்ஸ் கீழே இசட் இருக்கிறது, ஆக்ஷன் அப்டேட், ரீகனெக்ட் டிக் செய்யப்பட்டிருக்கிறது. பாலிசியை நிர்வகிப்பவரிடம் அந்த வரியை எடுத்துவிடச் சொன்னால் போதுமா?

---

தறியோசை

வரியை எடுத்தால் மட்டும் போதாது. ரீகனெக்ட் டிக் இருந்ததால் இசட் ஒவ்வொருவருடைய கரண்ட் யூசர் ரெஜிஸ்ட்ரியிலும் பதிந்துவிட்டது. பாலிசியில் வரி இல்லாமல் போனாலும் விண்டோஸ் அதைத் தன் நினைவிலிருந்து ஒவ்வொரு லாகினிலும் இணைக்கப் பார்க்கும். நீங்கள் உங்கள் கணினியில் கையால் நீக்கிக்கொள்ளலாம், மற்றவர்களுடையதில் சிவப்புப் பெருக்கல் குறி அப்படியே நிற்கும்.

அவரிடம் இப்படிச் சொல்லுங்கள்: அந்த வரியின் ஆக்ஷனை அப்டேட்டிலிருந்து டெலிட் என்று மாற்றி, எழுத்து இசட் என்று வைக்க வேண்டும். அந்தந்த ஆள் அடுத்து லாகின் செய்யும்போது பாலிசியே இசட்டைக் கழற்றிவிடும். எல்லோரும் குறைந்தது ஒரு முறையாவது லாகின் ஆகும்வரை, விடுப்பில் இருப்பவர்களையும் மடிக்கணினியோடு வெளியே இருப்பவர்களையும் கணக்கில் வைத்து, அந்த வரியை விட்டுவைக்கட்டும். அதன் பிறகு வரியை நீக்கலாம்.

இரண்டு விஷயம் அவர் கவனிக்க வேண்டும். டெலிட்டில் இந்த எழுத்திலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் நீக்கு என்று ஒரு தேர்வு இருக்கிறது, அதைத் தொடக் கூடாது. இசட் கடைசி எழுத்து என்பதால் இங்கே தெரியாது, ஒய் எழுத்திலோ ஹெச் எழுத்திலோ போட்டால் நடுவில் இருக்கும் நல்ல டிரைவ்களும் போகும். அடுத்தது, புதிய சர்வரையும் இசட் என்ற எழுத்திலேயே தரத் திட்டம் இருந்தால் டெலிட் வரியை எடுக்கும்வரை வேறு எழுத்து கொடுக்கச் சொல்லுங்கள். அல்லது டெலிட்டே வேண்டாம், அதே வரியில் ஆக்ஷனை ரீப்ளேஸ் ஆக்கி முகவரியை மட்டும் புதிய சர்வருக்கு மாற்றினால் பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டிவிடும். புதிய வரிகளில் காமன் தாவலில் இருக்கும் 'இனி பொருந்தாதபோது இதை நீக்கு' என்ற தேர்வையும் டிக் செய்துவைத்தால், அடுத்த சர்வர் மாற்றத்தில் வரியை எடுத்தாலே டிரைவும் தானாகக் கழன்றுவிடும்.